கம்பி நீக்கம்

நோம்வூலாவிடம் மூன்று தவணையில் வாங்கிய கேமரா.
வார்ப்பட்டையில் இன்னும் அவள் சென்ட் வாசனை.
சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்,
ஒரு சதம் பிசகினால் தூக்கம் போய்விடும்.
இங்கே எல்லாமே பிசகுகிறது,
யாரும் மெமோ அனுப்புவதில்லை.

முதல் வாரம் முழுக்கக் கத்தரிக்காய்.
ஜன்னலோரம் ஒன்று, டியூப்லைட்டில் ஒன்று,
கேக் தட்டில் அலுமினியத் தாள் விரித்து
வெளிச்சத்தைத் திருப்பி அடித்து ஒன்று.
நாற்பத்தோராவது படத்தில்தான் தெரிந்தது
ஊதாவுக்குள் ஒரு ஜன்னல் இருப்பதும்
அந்த ஜன்னலுக்குள் தலை சீவாத ஒரு பொம்பளை
கேமராவோடு நிற்பதும்.
அன்றிரவு குழம்பைக் கிளறிவிட்டுப் பூபாலன் கேட்டார்:
"மாடலுக்குச் சம்பளம் குடுத்தாச்சா?"

சனிக்கிழமை காலை குரங்கு வந்தது.
சாட்ஸ்வர்த்தில் இது செய்தியே இல்லை.
குப்பைத்தொட்டி மூடி, ரொட்டிப் பை, பூட்டாத கார் ஜன்னல்
எல்லாம் அவற்றுக்கு அத்துப்படி.
இது ஆனால் எதையும் எடுக்காமல்
சமையலறை ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
கவுண்டரில் தன் முறை வந்தவரைப் போல
என்னைப் பார்த்தது.
எடுத்தேன். ஒன்றே ஒன்று.
இரண்டாவதற்கு அது நிற்கவில்லை.

பின்னால் வெயில்.
வானம் வெள்ளை, முகம் கரிக்கட்டை.
லேப்டாப்பில் நிழலை மட்டும் மெல்ல மேலே இழுத்தேன்.
கரியிலிருந்து இரண்டு பழுப்புக் கண் வந்தது,
புருவத்தின் மேல் வெள்ளைக் கோடு வந்தது,
கூடவே பொடியுப்புத் தூவினாற்போல் புள்ளிகள்.
இன்னும் இழுத்தால் மூக்கில் பச்சை பூத்தது.
கொஞ்சம் இறக்கினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆறு கம்பி. தொண்ணூற்றெட்டில்
டிவி களவுபோன வாரம்
பூபாலனே பட்டறையிலிருந்து கொண்டுவந்து
பற்றவைத்தது.
அவை இல்லாமல் அந்த ஜன்னல் எப்படி இருக்கும்?
வானம் சுலபம், வெள்ளையை எடுத்து வெள்ளையில் ஒட்டுவதுதான்.
மாமரம் வேலை வாங்கியது.
இலைக்குப் பக்கத்து இலையிடம் கடன்,
கூமாலோ வீட்டுக் கூரை ஓட்டுக்கு
அடுத்த ஓட்டிடம் கடன்.
மூன்று மணி நேரம். அரிசி குழைந்தது.

கடைசிக் கம்பியும் போன பிறகு பார்த்தால்
குரங்கு காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
இறுக்கி மூடிய கை,
உள்ளே ஒன்றுமில்லை.

ஒரு கிளை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன்,
விளக்குமாறு போலிருந்தது.
பஸ் கைப்பிடி ஒன்று கொடுத்துப் பார்த்தேன்.
தனியாக உட்கார்ந்து அப்படிச் சிரித்தது
எந்த வருஷமோ.

சத்தம் கேட்டு வந்தவர்
குரங்கைப் பார்க்கவில்லை.
"மேசையில என் கம்பி நிக்குதே" என்றார்.
ஆமாம்.
மேசைவிரிப்பின் மேல், சீனி டின் மேல் ஏறி இறங்கி
ஆறு நிழல்.
அதில் ஒன்றை
ஒரு கையின் நிழல் பிடித்துக்கொண்டிருந்தது.
"இடைவெளியப் பாரு. ஒரே அளவு."

சேமிக்கலாம் என்று மௌஸைத் தொட்டபோது
மணி நான்கு.
மின்வெட்டு அட்டவணை மட்டும்
இந்த நாட்டில் நேரம் தவறாது.
லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது.
கறுத்த திரையில் நான், எனக்குப் பின்னால் அவர்,
அவர் கையில் அதற்குள் டார்ச்.

கேஸில் டீ போட்டோம்.
எதிர்சாரியில் யாருடைய ஜெனரேட்டரோ இருமிக்கொண்டிருந்தது.

ஆறரைக்கு வெளிச்சம்.
வேலை செய்த படம் போயிருந்தது.
எடுத்த படம் இருந்தது,
கம்பிகளை எண்ணினேன், பழக்கதோஷம். ஆறு.
கண்களுக்கு மட்டும் அரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டி
'குரங்கு இறுதி 2' என்று பெயர் வைத்தேன்.

"கம்பி சாஞ்சிருக்கு பாருங்க" என்றேன்.
"நான் அடிச்ச கம்பி சாயாது.
நீதான் சாஞ்சிருப்ப."

ஒன்றரை டிகிரி திருப்பினேன்.
கம்பி நிமிர்ந்தது.
குரங்கு சாய்ந்தது.